உப்பூரின் சேற்று வழி

இராமேசுவர யாத்திரைக்குப் புறப்படுகிறவர்களில் உப்பூரில் இறங்கி நிற்பவர்கள் இக்காலத்தில் மிகச் சிலர். ரயிலில் போகிறவர்கள் பாம்பன் பாலம் வரும்போதுதான் ஜன்னலைத் திறக்கிறார்கள். மோட்டாரில் போகிறவர்களுக்கோ, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே ஒரு பெயர்ப் பலகை. அதைப் படித்து முடிப்பதற்குள் ஊர் பின்னால் போய்விடும். ஆனால் முறைப்படி சேது யாத்திரை செய்ய விரும்பிய நம் முன்னோர்களுக்கு யாத்திரை ஆரம்பமானதே உப்பூரில்தான். இங்கே வெயிலுகந்த விநாயகரைத் தொழுது, பிறகு தேவிபட்டினத்து நவபாஷாணம், திருப்புல்லாணி, சேதுக்கரை என்று ஒவ்வொன்றாகத் தரிசித்துக்கொண்டு இராமேசுவரம் சேர்வார்கள்.

ஊரின் பெயர்க் காரணத்துக்காகப் புராணத்தைப் புரட்ட வேண்டியதில்லை. கடற்காற்றில் உப்பு, காலடி மண்ணில் உப்பு. ஸ்தல புராணம் சொல்லும் 'லவணபுரம்' என்ற பெயருக்கும் பொருள் அதுவே. இங்கிருந்து திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் வரையில் ஆங்காங்கே உப்பளங்கள் உண்டு. கோயில் சிறியதாயினும் அதன் பெருமை பெரிது. மூலவரின் திருமேனிமீது சூரிய கிரணங்கள் படுவதால் 'வெயிலுகந்த' என்ற திருநாமம். தட்சனுடைய யாகத்துக்குப் போன தோஷம் நீங்கச் சூரியன் இங்கே தவம் செய்தான் என்றும், இலங்கைக்குப் புறப்படுமுன் இராமபிரான் இங்கே விநாயகரை வழிபட்டான் என்றும் ஐதிகம். விநாயக சதுர்த்தி உற்சவத்தில் சித்தி, புத்தி தேவியரோடு பிள்ளையாருக்குத் திருக்கல்யாணம் நடைபெறுகிறது. ஆற்றங்கரையிலும் அரச மரத்தடியிலும் பிரமசாரியாகவே பிள்ளையாரைப் பார்த்துப் பழகிய நமக்கு, இந்தக் கடலோரத்தில் அவர் கிருகஸ்தராக வாழ்கிறார் என்பது மிகவும் திருப்தியளிக்கும் செய்தியாயிருந்தது.

வெயிலுக்குப் பெயர்போன இந்த ஊரில் நாம் பார்க்கச் சென்றது என்னவோ, மழை செய்த காரியத்தைத்தான்.

இராமநாதபுரம் ஜில்லா வறண்ட ஜில்லா என்று பள்ளிப் புத்தகம் சொல்லுகிறது. அது உண்மையே, ஆனால் முழு உண்மையல்ல. ஆண்டு ஒன்றுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை இங்கே பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களுக்குள் கொட்டிவிடுகிறது. நிலமோ உள்ளங்கை போன்ற சமதரை. மேற்கே இராஜசிங்கமங்கலத்துக் கண்மாய் இருக்கிறது. 'நாரை பறவாத நாற்பத்தெட்டு மடை' என்று ஜனங்கள் சொல்லிச் சொல்லிப் புகழ் பெற்ற கண்மாய் அது. அங்கெல்லாம் நிறைந்து வழியும் தண்ணீர் கடலைத் தேடிக் கிழக்கே வருகிறது. வருகிற வழியில் அவசரமே இல்லாமல், கண்ட பள்ளத்தில் எல்லாம் உட்கார்ந்து இளைப்பாறுகிறது. அப்படி அது உட்காரும் இடம் பெரும்பாலும் மனிதன் நடக்கிற பாதையாக இருந்துவிடுகிறது.

இந்தப் பாதைகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 'சேதுபதி' என்ற பட்டத்தின் பொருளே சேதுவின் காவலர் என்பது. சேதுவைக் காப்பதாவது சேதுவுக்குப் போகும் வழியைக் காப்பது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சீமையில் வழிகள் காடடர்ந்து, கள்வர் பயம் மிகுந்து, யாத்திரிகர் நடமாட இயலாமற் போயிற்று என்றும், அதனாலேயே மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக 1605-ஆம் ஆண்டில் நிலைநாட்டினார் என்றும் சொல்லப்படுகிறது. காட்டுப் பாதை ஒன்றைச் சீர்படுத்துவதற்காக ஒரு ராஜ்யம் எழுந்தது என்றால் அது மிகையாகாது. பின்னர் வந்த சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். வடக்கே தஞ்சை மராத்திய மன்னர்களும் அப்படியே செய்தார்கள்; ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் முக்தாம்பாள் பெயரால் 1802-இல் கட்டிய சத்திரம் இந்த இராமேசுவர வழியை உத்தேசித்தே எழுந்தது. காசியிலிருந்து கங்கைக் காவடி சுமந்து வந்தவர்கள் கால் பதித்த வழி இது. இராமேசுவரத்தைப் பாடிய அப்பர் சுவாமிகள், கையில் உழவாரத்துடன், இதே கடற்கரைச் சீமையைக் கடந்துதான் சென்றிருக்க வேண்டும்.

1914-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். அன்றைக்கே சேது மார்க்கத்துக்கு வயதாகிவிட்டது. சத்திரங்களில் அடுப்பு அணைந்தது. 1988-இல் கடலின்மேல் சாலைப் பாலமும் வந்துவிட்டது. இப்போது 2025 ஏப்ரல் முதல் புதிய ரயில் பாலமும் ஓடுகிறது. இவற்றையெல்லாம் கண்டு நாம் பெருமைப்படுகிறோம், படவும் வேண்டும். ஆனால் பாலத்தின்மேல் போகிறவர்களுக்கும், கண்மாய்க்கரையிலிருந்து கடலோரத்துக்குத் தலைச்சுமையோடு நடக்கிறவர்களுக்கும் சம்பந்தமில்லை. நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு வடக்குத் தெற்காக ஓடுகிறது. ஜனங்களின் காரியமோ கிழக்கு மேற்காக இருக்கிறது. வலை கிழக்கே, வயல் மேற்கே, பள்ளிக்கூடம் ஒரு பக்கம், உப்பளம் இன்னொரு பக்கம். இந்தக் குறுக்கு வழிகளுக்குத் தார் இல்லை. பெயர்ப் பலகையும் இல்லை. பலவற்றுக்கு வரைபடத்தில் கோடுகூட இல்லை.

அத்தகைய தடம் ஒன்றில் நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தோம். மூன்று நாள் விடாமல் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சாலையைவிட்டு இறங்கிச் சிறிது தூரம் பனைகள். அதற்கப்பால் குடை பிடித்தாற்போல் தலை பரப்பி நிற்கும் உடை மரங்கள். இராமநாதபுரத்துக்கு இயற்கை கொடுத்த சொந்தக் காடு இந்த உடையும் பனையுந்தான். பிறகு வருகிறது வந்தேறிக் காடாகிய சீமைக் கருவை. இரண்டு பக்கமும் நெருங்கி, கிளைகளைக் கோத்து, பட்டப்பகலில் பாதையை இருட்டாக்கி வைத்திருக்கிறது. வெயில் புகாததால் அங்கே மண் உலர்வதில்லை. வெயிலுகந்த பிள்ளையாரின் ஊரில் வெயில் படாத இடமும் உண்டு என்பதை முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு நாம் தெரிந்துகொண்டோம்.

சேறு எப்படி உண்டாகிறது என்று சற்றே யோசித்தால், அது மழையின் குற்றமல்ல என்பது விளங்கும். முதலில் பாதை, தரை மட்டத்தில்தான் இருக்கிறது. ஆடும் மாடும் மனிதரும் நடந்து நடந்து நடுவில் குழிகிறது. குழிந்த பாதை மழைக்காலத்தில் வாய்க்காலாகிறது. வாய்க்காலுக்கு வாட்டம் இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். இங்கே வாட்டம் இல்லாததால் தேங்குகிறது. தேங்கிய இடத்தைக் கண்டு, நாம் எல்லோருமே என்ன செய்கிறோம்? ஓரமாக ஒதுங்கிப் போகிறோம். இரண்டு நாளில் ஓரமும் சேறாகிறது. மறுபடியும் ஒதுங்குகிறோம். நான்கு முழப் பாதை இருபது முழச் சகதியாகி, பக்கத்து வயலின் வரப்பைத் தின்றுவிடுகிறது. வரப்புக்குடையவர் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைக்கிறார். அப்புறம் வாய்ச்சண்டை; அதற்கப்புறம் பஞ்சாயத்து. ஒவ்வொருவரும் தம் பாதத்தைச் சேறுபடாமல் காத்துக்கொண்டதன் பலன் இது.

அமெரிக்க தேசத்திலும் இதே கதைதான் என்று அறிகிறோம். அங்கே அப்பலேச்சியன் மலைத்தொடரின் காடுகளுக்குள்ளே, வடக்கே மேயினிலிருந்து தெற்கே ஜார்ஜியா வரையில் சுமார் 2,190 மைல் நீளமுள்ள ஒரு நடைபாதை இருக்கிறது. 1921-இல் பென்ட்டன் மக்காய் என்பவர் இதைப்பற்றி எழுதினார். 1937-இல் பாதை முழுமை பெற்றது. இன்றும் அதன் பராமரிப்பில் பெரும் பங்கு, விடுமுறை நாட்களில் மண்வெட்டியோடு வரும் தொண்டர்களுடையது. அந்தத் தொண்டர்கள் பாதசாரிகளிடம் கேட்டுக்கொள்ளும் முதல் விஷயம்: 'சேற்றைக் கண்டால் ஒதுங்காதீர்கள், நடுவிலேயே நடந்து போங்கள்.' வெர்மாண்ட் ராஜ்யத்தில் பனி உருகும் வசந்த காலத்தில், மலைப் பாதைகள் உலரும் வரையில் அவற்றின் பக்கமே வரவேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறார்கள். உல்லாசத்துக்காக நடக்கிறவர்களிடம் அப்படிச் சொல்லலாம். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரும் அம்மாளிடம், "மண் காயட்டும், தை மாதம் வா" என்று சொல்ல முடியுமா?

நாம் கண்ட இடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சங்கம் ஒன்றுமில்லை, துணிப் பதாகை இல்லை, புகைப்படக்காரர் இல்லை. அறுவாளும் கவைக்கம்புமாகச் சிலர் கருவையைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். கவைக்கம்பால் முள்ளை அழுத்திப் பிடித்து அறுவாளை வீசும் லாகவம் பார்க்கத் தகுந்தது. இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் மிலாறுகளைக் கட்டுக் கட்டாகக் கட்டினார்கள். பெண்கள் கடற்கரைப் பக்கத்திலிருந்து மணலைச் சட்டியில் சுமந்து வந்தார்கள். இந்தச் சேனைக்குத் தளபதியாக, தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் கரையில் குந்தியிருந்தார். அவர் கையில் ஒரு குச்சி மட்டுமே இருந்தது.

சட்டை கழற்றி இடுப்பில் கட்டிய வாலிபர் ஒருவர் ஒரு சட்டி மண்ணைப் பள்ளத்தில் கொட்டப் போனார்.

"டேய் தம்பி, அதைக் கொட்டாதே! சேத்துல மண்ணைப் போட்டா இன்னும் கொஞ்சம் சேறு. முதல்ல தண்ணிக்குப் போக வழி சொல்லு" என்றார் பெரியவர்.

"எங்கே பெரியப்பா போகும்? எல்லாப் பக்கமும் ஒரே மட்டமா இருக்கு."

"உன் கண்ணுக்கு மட்டம். தண்ணியைக் கேட்டுப் பாரு."

அவர் குச்சியால் சேற்றில் ஒரு கோடு இழுத்தார். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கலங்கல் நீர் மெல்ல அந்தக் கோட்டில் தென்கிழக்காக நகரலாயிற்று. "பாத்தியா? அந்தப் பக்கம் வெட்டு" என்றார். எந்திரங்கள் இல்லாத மட்டம் பார்க்கும் சாஸ்திரம் அது. கண்மாய் மடைகளோடு வாழ்ந்த சீமையில் தண்ணீரின் மனசு தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

அன்றைய வேலையின் முறையைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம். வாசகர்களில் சேற்று வழி இல்லாத ஊர்க்காரர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். முதற்காரியம், தேங்கிய தண்ணீரை வடிப்பது. பாதையின் தாழ்ந்த பக்கத்தில் முழ அகல வாய்க்கால் வெட்டி, அதைக் கீழேயுள்ள ஓடைக்குச் சேர்த்தார்கள். இரண்டாவது, நடுவில் இளகிக் கிடந்த கூழ்ச் சேற்றை வாரி ஓரத்தில் கொட்டி, கெட்டித் தரை தென்படும் வரையில் தோண்டினார்கள். மூன்றாவது, அந்தக் குழியில் கருவை மிலாறுக் கட்டுகளைக் குறுக்காக நெருக்கி அடுக்கினார்கள். எந்த மரம் வழியை மூடிக் கெடுத்ததோ, அந்த மரமே வழிக்கு அஸ்திவாரமாயிற்று! மிகவும் ஆழமான இடத்தில் மட்டும், காற்றில் விழுந்து கிடந்த முதிர்ந்த பனையொன்றைப் பிளந்து, வைரம் ஏறிய வாரைகளைப் பரப்பினார்கள். நிற்கிற பனையைத் தொடவில்லை. பனை வெட்டுவதற்கு ஜில்லா கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் சர்க்கார் அறிவித்தார்கள். அறிவிக்காவிட்டாலும் தொட்டிருக்க மாட்டோம் என்றார் பெரியவர். கடைசியாக மேல் மண். இதிலேதான் சூட்சுமம். இங்கே உள்நாட்டு மண் பிசுபிசுக்கும் களி. கடலோர மண் கால் புதையும் மணல். களியில் மட்டும் நடந்தால் வழுக்கும். மணலில் மட்டும் நடந்தால் இழுக்கும். இரண்டையும் கலந்து மிதித்து இறுக்கினால், தார் இல்லாமலே ஒரு நல்ல தரை கிடைக்கிறது. நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்து ஆமை முதுகு போல் அதை அமைத்துவிட்டால், அடுத்த மழை பாதையில் தங்காமல் இரு பக்கமும் இறங்கிவிடும்.

இது நம் பெரியவர் கண்டுபிடித்த வித்தையல்ல. மனிதன் சேற்றில் கால் வைத்த நாள்முதல் இருப்பது. இங்கிலாந்தில் சோமர்செட் என்னும் சதுப்பு நிலத்தில், கரி மண்ணுக்கடியிலிருந்து ஒரு மரப் பாதையை 1970-இல் கண்டெடுத்தார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில், அது கி.மு. 3807, 3806-ஆம் ஆண்டுகளில் போடப்பட்டதென்று தெரிந்தது. சக்கரமும் வண்டியும் அறியாத ஜனங்கள், கம்புகளைக் குறுக்காக நட்டு, மேலே பலகை வைத்துச் சேற்றைத் தாண்டியிருக்கிறார்கள். நம் நாட்டிலும், பிச்சாவரம், முத்துப்பேட்டைச் சதுப்புக் காடுகளில் மரங்கள் பட்டுப்போன இடங்களை 1990-களில் மீட்டவர்கள் செய்தது இதே தத்துவத்தைப் பின்பற்றித்தான். உப்பேறித் தேங்கிய நீரை, மீன் முள்ளைப் போல் கிளை கிளையாக வாய்க்கால் வெட்டி, கடல் ஏற்றத்தோடு சேர்த்துவிட்டார்கள். காடு தானாகத் தழைத்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தார் கிராமத்து ஜனங்களைக் கூட்டிக்கொண்டு அதைச் செய்து காட்டினார்கள்.

பத்து மணிக்குக் கருப்பட்டிக் காப்பி வந்தது. கொண்டு வந்தவர், அந்த வழியே தினந்தோறும் மீன் சுமந்து செல்லும் ஓர் அம்மாள். "விழுந்தா மீனும் போச்சு, இடுப்பும் போச்சு ஐயா. போன வருசம் ரெண்டும் போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அன்று மீன் வியாபாரம் இல்லை. சட்டியை வாங்கி மணல் சுமக்கப் போய்விட்டார்.

நாம் அங்கே ஒரு விஷயத்தைக் குறிப்பாகக் கவனித்தோம். யார் மண் வெட்டுகிறார்கள், யார் சுமக்கிறார்கள், யார் கரையில் நின்று கட்டளையிடுகிறார்கள் என்பதே அது. ஏனெனில் நம் நாட்டில் பொது வேலைக்கு இரண்டு முகங்கள் இருந்து வந்திருக்கின்றன. ஒரு முகம் அப்பரின் உழவாரம். கோயில் வழியில் முளைத்த புல்லைத் தம் கையாலேயே செதுக்கினார் அந்தப் பெரியார். திருப்புகலூரில் உழவாரம் பட்ட இடத்தில் பொன்னும் மணியும் தோன்ற, அவற்றையும் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. மற்றொரு முகம் வெட்டி. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே 'வெட்டி' என்பது கூலியில்லாமல் செய்யவேண்டிய கட்டாய வேலைக்குப் பெயராக வழங்கியிருக்கிறது. அந்த வேலை யார் தலையில் விடிந்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. சேரியில் கேட்டால் தெரியும். இன்றைக்கு 'வெட்டி வேலை' என்றால் பயனற்ற வேலை என்று பொருள் கொள்ளுகிறோம். செய்தவனுக்குப் பயனில்லாமற் போனதைத்தான் அந்தச் சொல் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது போலும்.

குடிமராமத்து என்று நாம் பெருமையாகப் பேசும் பழைய ஏற்பாட்டுக்கும் இவ்விரண்டு முகங்களும் உண்டு. ஊர்க் குடிகள் கூடித் தங்கள் கண்மாயைத் தாங்களே செப்பனிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் கும்பினி சர்க்கார் அந்த வழக்கத்தைக் கையிலெடுத்துக்கொண்டு 1858-இல் சட்டமாக்கியபோது, அதற்கு வைத்த பெயர் 'சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம்'. கரை உடையும் அபாயத்தில் ஆட்களைப் பிடித்து வேலை வாங்க அது அதிகாரம் அளித்தது. பெயரிலே ஒளிவுமறைவில்லை என்ற அளவில் அந்த வெள்ளைக்காரர்களைப் பாராட்டலாம். 2017-இல் தமிழ்நாட்டுச் சர்க்கார் குடிமராமத்து என்ற பெயரை மீண்டும் எடுத்து, ஏரி கண்மாய்களைச் செப்பனிட 100 கோடி ரூபாய் ஒதுக்கித் திட்டம் ஆரம்பித்தார்கள். பெயர் திரும்பியது நல்லதே. பணம் எவ்வளவு வந்தாலும், கூடையின் ஒரு காதைப் பிடிப்பவரும் மறு காதைப் பிடிப்பவரும் சமமானவர்களாயில்லாவிட்டால் அது குடிமராமத்து ஆகாது என்பது நமது அபிப்பிராயம்.

உப்பூருக்குக் கிழக்கே பாக் ஜலசந்திக்கு அப்பால் இருக்கும் இலங்கையில் இதைச் செய்து காட்டினார் ஒருவர். கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் உபாத்தியாயராயிருந்த ஏ. டி. ஆரியரத்ன, 1958-இல் தம் மாணாக்கர்களை அழைத்துக்கொண்டு கனதொலுவ என்ற கிராமத்துக்குச் சென்றார். அது சமூகம் தீண்டாமல் ஒதுக்கி வைத்த ஜனங்களின் கிராமம். நகரத்துப் பிள்ளைகள் அவர்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, அவர்களோடு மண் வெட்டினார்கள். அதற்குச் 'சிரமதானம்' என்று பெயர். அங்கிருந்து கிளைத்த சர்வோதய இயக்கம் இலங்கை நெடுகக் கிராமத்துச் சாலைகள் போட்டது. சாலை போட்டதைவிட, யாரோடு சேர்ந்து போட்டார்கள் என்பதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். 2024-இல் ஆரியரத்ன காலமானார்.

அந்த இயக்கத்துக்கு மூல ஊற்று எங்கே என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1947-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கலகத்தால் வெந்து கிடந்த நவகாளியில், காந்தியடிகள் காலில் செருப்பின்றி 116 மைல் நடந்து 47 கிராமங்களுக்குச் சென்றார். அவர் நடக்கவிருந்த ஒற்றையடிப் பாதைகளில் சிலர் அசுத்தத்தைக் கொட்டி வைத்தார்கள். எழுபத்தேழு வயதுக் கிழவர் குனிந்து, உலர்ந்த இலைகளால் அதைத் தாமே அகற்றிவிட்டு மேலே நடந்தார். பாதையைச் சுத்தம் செய்வது அவருக்கு அரசியலைவிடத் தாழ்ந்த வேலையாகத் தோன்றவில்லை.

நாம் பார்த்த வரையில், உப்பூர்த் தடத்தில் மண்வெட்டி கை மாறிக்கொண்டே இருந்தது. வெட்டியவர் களைத்ததும் சுமந்தார், சுமந்தவர் வெட்டினார். சொந்தத்தில் டிராக்டர் வைத்திருக்கும் ஒருவர் சேற்றை வாரினார். அவரிடம் கூலிக்கு உழைப்பவர் அவருக்கு வாய்க்காலின் வாட்டம் சொல்லிக்கொடுத்தார். காப்பி ஒரே பாத்திரத்திலிருந்து வந்தது. டம்ளர்களும் ஒன்றுபோல் இருந்தன. டம்ளரைப் பற்றி எழுதுவானேன் என்று பட்டணத்து வாசகர்கள் கேட்கலாம். தெற்கத்திச் சீமைக்காரர்கள் கேட்க மாட்டார்கள்.

ஆனால் தொண்டு என்ற சொல்லைச் சர்க்காரின் கடமைக்குப் போர்வையாக விரித்துவிடவும் நாம் தயாராக இல்லை. வரி வாங்கும் பஞ்சாயத்துக்கும் ராஜ்ய சர்க்காருக்கும் வழி போடுவது தர்மமல்ல, கடன். 2005-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ், ஆண்டுக்கு நூறு நாள் வேலையும் கூலியும் கேட்டுப் பெறும் உரிமை கிராமத்துக் குடும்பங்களுக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கண்மாய் தூர் வாரியதும் மண் சாலை போட்டதும் அவர்கள் கைகளே. கூலி கொடுத்து வாங்கவேண்டிய வேலையைத் தொண்டு என்று புகழ்ந்து இலவசமாக வாங்கிக்கொள்வது பழைய வெட்டிக்குப் புதுச் சட்டை மாட்டுவதாகும். ஓடையின்மேல் பாலம் வேண்டுமென்றால் அதைச் சர்க்கார்தான் கட்ட வேண்டும். நாலு முழப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதென்றால், மனுப் போட்டுவிட்டு மறு மழை வரை காத்திருப்பது மடமை. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்று பெரியவரிடம் கேட்டோம்.

"மம்பட்டிக்கு அடங்குறது நம்ம வேலை. அடங்காதது அவுக வேலை. அடங்காததைச் சொல்லி நாலு மனுக் கொடுத்திருக்கோம்" என்றார். ஒரு ராஜ்ய நிர்வாகப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்குமா என்பது சந்தேகமே.

சீமைக் கருவையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் உப்பூர்க் கட்டுரை பூர்த்தியாகாது. மெக்சிகோவையும் தென் அமெரிக்காவையும் சேர்ந்த இந்த மரம் 1870-களில் இந்தியாவுக்கு வந்தது. விறகுக்கென்று விதைத்தது, இராமநாதபுரத்தில் கண்மாய், ஊருணி, வயல், வழி எல்லாவற்றையும் ஆக்கிரமித்துக்கொண்டது. 2017-இல் உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டபோது, மாணவர்களும் தொண்டர்களும் அறுவாளோடு கிளம்பினார்கள். அந்த ஆண்டே உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. மரத்துக்கோ உத்தரவும் தெரியாது, தடையும் தெரியாது. வெட்டிய கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்த்தது. மறுபுறம், வானம் பொய்த்த ஆண்டுகளில் கரி மூட்டம் போட்டு எத்தனையோ குடும்பங்கள் கஞ்சி குடித்ததும் இந்த மரத்தால்தான். அதனால் ஊரில் யாரும் அதை முழு மனதோடு திட்டுவதில்லை. தடத்தில் வேலை செய்தவர்களும் அதை வேரறுக்க முயலவில்லை. வழியின் இரு பக்கமும் ஒரு பாக தூரம் கழித்து, வெயில் இறங்க இடம் செய்தார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை கழித்தால் போதும் என்கிறார்கள். கழித்ததில் தடிமனானதை விறகுக்காரர் எடுத்துக்கொள்வார், மிலாறு பள்ளத்துக்கு.

இந்த வழியில் நடக்கிறவர்கள் உள்ளூர்க்காரர்கள் மட்டுமல்ல. உப்பூர் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு நடந்து வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆவணி மாதத்தில் வேளாங்கண்ணி மாதாவை நாடித் தெற்கேயிருந்து காவி உடுத்துக் கூட்டம் கூட்டமாக நடக்கும் கிறிஸ்தவ அன்பர்கள் இதே கடற்கரைச் சாலையோரம் போகிறார்கள். மோட்டார் லாரிகள் உரசிக்கொண்டு பறக்கும் நெடுஞ்சாலையில் இவர்கள் நடப்பதைப் பார்த்தால் நெஞ்சம் பதறும். தொண்டி முதல் தேவிபட்டினம் வரையில் பனை நிழலில் பழைய நடைவழி ஒன்று நடக்கத் தக்கதாக இருக்குமானால், அதில் யார் யாருடைய தெய்வத்தைத் தேடிப் போகிறார்கள் என்று பாதை கேட்கப்போவதில்லை. அமெரிக்காவில் 2,190 மைலைக் காத்து வரும்போது, சடைக்கத் தேவர் காத்துக் கொடுத்த வழியில் பத்து மைலாவது நம்மால் முடியாதா என்ற ஆசை நமக்கு உண்டாயிற்று. பெரியவரிடம் சொன்னோம். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "இன்னைக்கு இந்த நாப்பது முழம்" என்றார்.

பிற்பகல் மூன்று மணிக்கு நாற்பது முழமும் முடிந்தது. பையன்கள் இருவரும் புது மண்ணின்மேல் குதித்துக் குதித்து மிதித்தார்கள்; அதுவே ரோலர். அதற்கு வடக்கே, ஓடை குறுக்கிடும் இடத்தில், இன்னும் அறுபது முழச் சேறு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கென்று காத்துக் கிடக்கிறது. அங்கே குழாய் பதிக்க வேண்டும். அது மம்பட்டிக்கு அடங்காத வேலையில் சேர்ந்தது. ஐந்தாவது மனு தயாராகிறது என்றார்கள்.

கிழக்கே மறுபடியும் கருத்துக்கொண்டு வந்தது. நாம் சாலைக்குத் திரும்புமுன்பே தூறல் விழத் தொடங்கிவிட்டது. எல்லோரும் வீட்டுக்கு ஓடவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, புதிதாக வெட்டிய வாய்க்காலின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். ஆமை முதுகின் இரு பக்கமும் நீர் இறங்கி, வாய்க்காலில் சேர்ந்து, கருவை இலைகளைச் சுமந்துகொண்டு தென்கிழக்காகப் போயிற்று. ஓரிடத்தில் மட்டும் நின்றது. பெரியவர் குனிந்து குச்சியால் ஒரு கட்டியை நகர்த்தினார்.